மூலிகைதானே என்று சொல்லாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உருண்டைகள். மூடியில் ஒரு பூப்படம், நான்கைந்து சீன எழுத்து. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எங்கும் போடவில்லை. "தெரிந்தவர் மூலமாக வாங்கினேன். மூன்றே நாளில் மூக்கடைப்பு போய்விட்டது. ரெண்டு மாசமா சாப்பிடுறேன், மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது. உனக்கும் ஒரு டப்பா வாங்கவா?"

என் தும்மலைப் பல வருடமாகப் பார்ப்பவர். அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அந்த 'மூன்றே நாளில்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சீன மருத்துவத்துக்கு எதிரி இல்லை. நான்கு வருடத்துக்கு முன் மூன்று மாதம் சின்சே, அதாவது சீன மருத்துவர், கொடுத்த கஷாயத்தைத் தவறாமல் குடித்தவள், அதனால் நன்மை கண்டவள்.

எனக்கு இருப்பது மூக்கு அலர்ஜி. காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பதினைந்து, இருபது தும்மல். பிறகு தண்ணீராக ஒழுகும். மூக்கின் உள்ளேயும் மேலண்ணத்திலும் அரிப்பு. பரிசோதித்தபோது வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள்தான் காரணம் என்றார்கள். சிங்கப்பூர் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் 'புளோமியா ட்ராபிகாலிஸ்' என்ற இனம் மெத்தையிலும் தலையணையிலும் வருடம் முழுக்கப் பெருகும். வெளிநாட்டில் மகரந்தக் காலம் முடிந்தால் தும்மலும் முடியும். நமக்கு அந்த விடுமுறை கிடையாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எனக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பழைய கதை. அந்தச் சலிப்பில்தான் அலுவலகத் தோழி ஒருவர் தன் சின்சேயிடம் அழைத்துப் போனார்.

அந்த அம்மாள் அவசரமே படவில்லை. இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சளி தண்ணீரா, மஞ்சளா? காற்று பட்டால் கூடுகிறதா? கை கால் சில்லிடுமா? வயிறு எப்படி? இருபது நிமிடம் கேள்விதான். சீன மருத்துவத்தில் இந்த நோய்க்கு 'பி ச்சியூ' என்று தனிப் பெயர் உண்டு. உடலின் மேற்பரப்பைக் காவல் காக்கும் 'வெய் சீ' என்ற சக்தி தளர்ந்துபோய், காற்றும் குளிரும் உள்ளே நுழைவதாக அவர்கள் பார்க்கிறார்கள். அதற்கு அடிப்படையாகக் கொடுப்பது 'யூ பிங் ஃபெங் சான்'. ஜேட் என்ற பச்சைக் கல்லில் செய்த காற்றுத்தடுப்பு என்று பொருள். ஹுவாங் சீ, பாய் ஜூ, ஃபாங் ஃபெங் என்று மூன்றே மூலிகை. இதில் ஃபாங் ஃபெங் என்பதற்கே 'காற்றைத் தடு' என்றுதான் அர்த்தமாம். என்ன அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

எனக்குத் தந்த பொட்டலத்தில் ஒரு பொருள் மட்டும் தனியாகத் துணியில் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தேன். விரல் கணு நீளத்தில் மொட்டுகள். ஒவ்வொன்றும் பூனைக்குட்டியின் காது மாதிரி சாம்பல் பச்சை நிறத்தில் மெல்லிய ரோமம் போர்த்தி, நுனி கூராக, மை தொட்டு எழுதும் தூரிகை போல இருந்தது. நசுக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்த ஒரு வாசம், நேராக மூக்கில் ஏறியது. மக்னோலியா மரத்தின் பூ மொட்டு அது. 'ஷின் யீ' என்பார்கள். மூக்கு நோய்களுக்குச் சீனர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துவது. அந்த ரோமம் கஷாயத்தில் கலந்தால் தொண்டையை அறுக்கும் என்பதால்தான் துணியில் கட்டிப் போடுகிறார்கள். மண்சட்டியில் அரைமணி நேரம் ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும். புதினா வகையைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அதன் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அடுப்படியில் நின்றபோது என் பாட்டி நினைவுதான். சித்த வைத்தியர் தந்த சரக்கைக் குடிநீர் காய்ச்சும்போது "எட்டுக்கு ஒண்ணா சுண்டணும், பொறுமையா நில்லு" என்பார். நாடி, சூடு, குளிர்ச்சி, பத்தியம் என்று எல்லாமே நமக்குப் பழகிய பேச்சு. அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் சீன மருந்தைச் சட்டென்று நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது மாதத்தில் தும்மல் குறைந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் மாற்றமே தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரேயை நானாக நிறுத்தவில்லை. மூக்கு டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் பார்த்து அளவைப் பாதியாக்கினார். அதே சமயத்தில் மெத்தைக்கு உறை மாற்றி, படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கவும் ஆரம்பித்திருந்தேன். ஆகவே எல்லாப் பெருமையையும் கஷாயத்துக்கே கொடுக்க மாட்டேன்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இப்படித்தான் பேசுகின்றன. சிட்னியில் வருடம் முழுக்க மூக்கு அலர்ஜி உள்ள 58 பேரிடம் பதினொரு மூலிகைக் கலவை ஒன்றை, மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். சில அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. மூலிகை இல்லாமல், ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சையை மட்டும் ஜெர்மனியில் 422 பேரிடம் சோதித்தார்கள். எட்டாவது வாரத்தில் பலன் தெரிந்தது, பதினாறாவது வாரத்தில் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. இவை இப்படியே தள்ளிவிடக் கூடியவையும் இல்லை, அற்புதமும் இல்லை.

சரி, 'மூலிகைதானே' விஷயத்துக்கு வருகிறேன்.

மூக்கடைப்புக்குச் சீனர்கள் கொடுக்கும் இன்னொரு பழைய மருந்து 'சாங் அர் ஸீ சான்'. அதன் முதன்மைச் சரக்கு எது தெரியுமா? நம் ஊர் வாய்க்கால் ஓரங்களிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் மருளூமத்தையின் காய். புடவையில், வேட்டியில், ஆட்டின் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அதே முள்காய். வறுக்காமல் கொடுத்தாலோ அளவு மீறினாலோ அதிலுள்ள நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். 2007-இல் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் வெள்ளத்துக்குப் பிறகு சாப்பாட்டுக்கு வழியின்றி இந்தச் செடியின் இளங்கன்றைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் 76 பேர் நோயில் விழுந்தார்கள், அவர்களில் கால்வாசிப் பேர் இறந்துபோனார்கள். தெரிந்தவர் கையில் மருந்து, தெரியாதவர் கையில் நஞ்சு. சின்சே முள்ளை நீக்கி, வறுத்து, கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பது சும்மா சடங்குக்காக இல்லை.

'மா ஹுவாங்' என்று ஒரு மூலிகை. தும்மல், ஒழுகல் அதிகமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கும் 'ஷியாவ் ச்சிங் லோங் தாங்' கஷாயத்தில் வரும். எஃபெட்ரின் என்ற வேதிப்பொருள் இருப்பது இதில்தான். அடைப்பைத் திறக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். எஃபெட்ரின் வகை சேர்ந்த சத்துணவு மாத்திரைகளை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. அதே கஷாயத்தில் வரும் 'ஷி ஷின்', சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் சீன மருந்து நூலிலேயே 2005 முதல் வேர்ப்பகுதியை மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடும் நம் அம்மாக்களும் அத்தைகளும் இதை யாரிடமும் சொல்லாமல் குடித்தால் என்ன ஆகும்?

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது, மூலிகையே இல்லாத மூலிகை மருந்து. சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம் இது. பெயர் தெரியாத உருண்டைகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டையும் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தையும் கலந்து விற்கிறார்கள். மூன்று நாளில் மூக்கு திறக்கத்தான் செய்யும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயில் ஸ்டீராய்டு துளியளவு, அங்கேயே வேலை செய்துவிட்டுப் போகும். இதுவோ வாய் வழியாக உடம்பு முழுக்கப் போகிறது. மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

நல்ல சின்சேயைத் தேடுவது இங்கே கஷ்டமும் இல்லை. 2000-இல் வந்த சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரை இணையத்தில் சரிபார்க்கலாம். கையில் காசில்லை என்றால், 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இன்றும் இனம், மதம் பார்க்காமல் இலவசமாக மருந்து தருகிறது. ரகசியமாக ஒரு டப்பாவை வாங்கி விழுங்க அவசியமே இல்லை. டாக்டரிடம் கஷாயத்தைச் சொல்லுங்கள், சின்சேயிடம் மாத்திரையைச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறோம். என் மூக்கு டாக்டர் திட்டவில்லை, சரக்குப் பட்டியலைத்தான் கேட்டார்.

அக்காவைக் கூப்பிட்டு வீடியோவில் பேசினேன். கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது. "உடம்பு கொஞ்சம் போட்டுட்டேன் போல, மூக்கு நல்லா இருக்கிறதால சாப்பாடு இறங்குது" என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னேன், "அக்கா, நீங்களா நிறுத்தாதீங்க. அந்த டப்பாவை அப்படியே எடுத்துக்கிட்டு நாளைக்கே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) வாங்க, நானும் வர்றேன்." காலை எட்டரைக்கு வரிசை எண் எடுத்திருக்கிறோம்.