கிழட்டுப் பீரங்கிப் படகும் நார்வேயின் கஞ்சத்தனமும்

பிஸ்மார்க், யமாட்டோ மாதிரி இரண்டாம் உலகப் போரின் ராட்சதப் போர்க்கப்பல்கள் பற்றி எழுதினால் லைக் குவியும் என்று தெரியும். இருந்தாலும் நார்வேயின் 'டீர்' பற்றித்தான் எழுதப்போகிறேன். 1887இல் ஹோர்டன் கடற்படைத் தளத்தில் கட்டிய குட்டிப் பீரங்கிப் படகு அது.

இந்த வகைக்கு மூலம் இங்கிலாந்து. ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் ஜார்ஜ் ரெண்டல் 1867இல் 'ஸ்டாஞ்ச்' என்ற நீராவிப் படகைக் கொண்டுவந்தார். தாழ்வான உடல், மூக்கில் ஒரே ஒரு ராட்சதப் பீரங்கி. பீரங்கி பக்கவாட்டில் திரும்பாது, குறி வைக்கப் படகையே திருப்ப வேண்டும்! முதலில் பீரங்கியைச் செய்துவிட்டு, 'இது மிதக்க ஏதாவது வேண்டுமே' என்று யோசித்த மாதிரி இருக்கும். அலை எழும்பும் நடுக்கடலில் உதவாது. ஆனால் தீவுகளும் ஃபியோர்டுகளுமாக (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நீட்சிகள்) நெளியும் கரை, கூடவே மெலிந்த கஜானா என்றிருந்த நார்வேக்கு இது அச்சாகப் பொருந்தியது. ஊல்லர், பிராகே, விடார் என்று பழைய தெய்வங்களின் பெயரில் வரிசையாகக் கட்டினார்கள்.

1940இல் டீருக்கு 53 வயது, ஊல்லருக்கு 64. எப்போதோ உடைத்திருக்க வேண்டியவை. புதிது வாங்க மனமில்லாமல் கடற்கண்ணி (கப்பல் பட்டால் வெடிக்கும், நீரில் போடும் வெடிகுண்டு) போடும் வேலைக்கு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி புகுந்தது. நார்விக் துறைமுகத்தில் நின்ற ஐட்ஸ்வோல், நோர்கே இரண்டும்தான் நார்வேயின் பெருமைக்குரிய பெரிய கப்பல்கள். டார்பிடோ பட்டு நிமிடங்களில் மூழ்கின, கிட்டத்தட்ட 280 பேர் போனார்கள். பெர்கன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிழட்டு டீர் சத்தமில்லாமல் கண்ணி போட்டது. அதில் சிக்கி 'சாவ் பாவ்லோ' என்ற ஜெர்மன் கப்பல் மூழ்கியது. கண்ணி போட வேகமும் வேண்டாம், கவசமும் வேண்டாம். தண்ணீரை அறிந்த மாலுமியும் நேரத்துக்கு வரும் உத்தரவும் போதும்.

உடனே 'சிறுசுதான் கெட்டி' என்று கிளம்பிவிடாதீர்கள். ஊல்லரை ஜெர்மானியர்கள் பிடித்துத் தங்களுக்கு வேலை வாங்கினார்கள். ஏப்ரல் 30 அன்று நார்வேயின் கடல்விமானங்களே குண்டு போட்டு அதை முடிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் டீரும் எதிரி கைக்குப் போயிருந்தது.

என் கோபம் படகுகள் மேல் இல்லை. தலைநகருக்குப் போகும் ஒஸ்லோ ஃபியோர்டின் வாயிலைக் கண்ணிகளால் அடைக்கத் திட்டம் தயாராக இருந்தும், படையெடுப்பு நடந்த இரவில் நேரத்துக்கு அங்கே ஒரு கண்ணியும் இறங்கவில்லை. அதற்குப் பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்காமல், கிழட்டுப் படகின் வீரம் என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.