மஞ்சள் கோடு போட்ட ஆறு மாதம்

பயிற்சி வகுப்புக்குப் போகாமல் தானாகவே தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி நேற்று உள்பெட்டியில் கேட்டார்: "அண்ணா, எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்னைக் கேட்டால் புத்தகம் இரண்டாவது விஷயம். பழைய வினாத்தாளைக் கையில் எடுத்தாகிவிட்டதா என்பதுதான் முதல் விஷயம். "பாடத்தை முடித்துவிட்டு அப்புறம் வினாத்தாள் போட்டுப் பார்க்கிறேன்" என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பாடம் முடிவதே இல்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். முதல் முறை எழுதியபோது ஆறு மாதம் உட்கார்ந்து புத்தகத்தில் மஞ்சள் கோடு போட்டேன். கடைசியில் கோடு போடாத வரிகள்தான் கண்ணில் பட்டன. மூன்றாம் முறை புரட்டும்போது எல்லாமே பழகிய முகமாக இருந்தது. தேர்வு அறையில் அந்த முகங்களில் பாதிக்குப் பெயர் வரவில்லை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது 42, 56 என்று தலைகீழானது. படித்த அன்றைக்கு வரும் 'எல்லாம் ஏறிவிட்டது' என்ற நிம்மதியை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் முறை தேர்வுக்குப் படித்தபோது ஒரு தவறு நோட்டு போட்டேன். இடது பக்கம் தப்பாகப் போட்ட கேள்வி, வலது பக்கம் ஏன் தப்பு என்று ஒரே வரி. 'தெரியாது', 'தெரியும், மறந்தது', 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை'. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் மூன்றாவது ரகம்தான் அதிகம்! 'பொருந்தாதது எது' என்று கேட்டிருப்பான், நான் பொருந்துவதைத் தேடிக் குறித்திருப்பேன். இதற்கு எந்தப் புத்தகம் வாங்குவது? அதன்பிறகு 'அல்ல', 'தவிர' போன்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் விடைகளையே பார்த்தேன். நோட்டிலிருந்த கேள்விகளை மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளி விட்டு மறுபடி போட்டேன். ஒரே ராத்திரியில் பத்து தடவை பார்ப்பதைவிட இது நிற்கிறது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். நான்கு விடைகள், சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 12 கேள்விக்குக் குறித்தால், சராசரியாக மூன்று சரி, ஒன்பது தவறு. வந்தது மூன்று, போனது மூன்று. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் நான்கு சரி, எட்டு தவறு, கொஞ்சம் லாபம். கழிவே இல்லாத தேர்வில் ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக்கூடாது. இதை அறைக்குள் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது.

கால அட்டவணை பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நான் வண்ண வண்ணமாகப் போட்ட எதையும் ஒரு வாரத்துக்கு மேல் பின்பற்றியதில்லை.

தம்பிக்கு: புத்தகப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அதற்குள் ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிவிட்டு, எத்தனை தப்பு, எந்த ரகம் என்று சொல்லுங்கள்.