திருப்பம் தப்பினால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

போன சனிக்கிழமை சால்சா சோஷியலில், அதாவது எல்லோரும் கூடி ஆடும் இரவில், என்ன நடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நேரில் பார்க்காதவர்களுக்கும் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். “உங்களுக்கு ஃபாலோ பண்ணவே வரல, ஓரமா நின்னு பாருங்க” என்று வகுப்பு எடுத்த தம்பி மைக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே போகிறாரே, அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் முதல் வகுப்பு. சால்சா என்ற பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாமல் ஆசையாக வந்தவர்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். யாராவது பேசுவார்கள் என்று நினைத்தேன். “அவங்களுக்கு ரிதம் இல்ல”, “பாடி ஸ்டிஃப்ஃபா இருந்துச்சு” என்றுதான் கமெண்ட் ஓடுகிறது. அதனால் சொல்கிறேன். தப்பு அந்தப் பெண்ணிடம் இல்லை. லீட் செய்த அந்தத் தம்பியின் காலிலும் கையிலும் இருந்தது. (ஜோடியில் அசைவைத் தொடங்கி வழிநடத்துபவர் லீட், அதை உணர்ந்து நகர்பவர் ஃபாலோ.)

வீடியோவைக் கையில் வைத்திருப்பவர்கள் முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். கிராஸ் பாடி லீட், அதாவது லீட் விலகி வழிவிட, ஃபாலோ எதிர்ப்பக்கம் நடந்து போகும் அசைவு. எண்ணிக்கை எட்டு: ஒன்று இரண்டு மூன்றிலும் ஐந்து ஆறு ஏழிலும் கால், நான்கிலும் எட்டிலும் நிறுத்தம். ஒன்றில் லீட் இடது காலை முன்னால் வைக்கிறார், இரண்டில் எடை வலது காலுக்குத் திரும்புகிறது, மூன்றில் இடது காலைப் பக்கவாட்டில் வைத்து, உடம்பு கால்பங்கு வட்டம் இடப்பக்கம் திரும்பி, எதிரில் இருப்பவர் நடந்து போகும் பாதையை விட்டு முழுசாக விலகியிருக்க வேண்டும். விலகினாரா? இல்லை. வலது கால் பாதை நடுவிலேயே நிற்கிறது. அந்தப் பெண் எங்கே போவார்?

அடுத்தது நேரம். ஃபாலோ செய்பவர் ஐந்தில் இடது காலை முன்னால் எடுத்து வைக்க வேண்டும் என்றால், ‘வா’ என்ற செய்தி மூன்று முடிந்து நான்கின் மௌனத்துக்குள் அவருடைய முதுகுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும் வலது உள்ளங்கை வழியாக, லீட்டின் உடம்பு திரும்புவதால் போக வேண்டிய செய்தி அது. அந்தத் தம்பி ஐந்து விழுந்த பிறகு இடது கையால் இழுத்தார். ஐந்தில் இழுத்தால் ஆறில்தான் வருவார்கள். ஆறில் வந்தவரைப் பார்த்து ‘டைமிங் இல்லை’ என்பது என்ன நியாயம்?

அடுத்து ரைட் டர்ன், ஃபாலோ தன் வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றுவது. கட்டைவிரல்! கட்டைவிரலை அவர் கைமேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றச் சொன்னால் மணிக்கட்டு முறுகும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அதைத்தான் ‘ஸ்டிஃப்’ என்கிறீர்கள். இரண்டு விரல்களைக் கொக்கிபோல் கீழ்நோக்கிக் கொடுக்க வேண்டும், அவர் கை அதைச் சுற்றித் தானாக உருள வேண்டும். உயரம் அவருடைய நெற்றிக்குச் சற்று மேலே. கை தலைக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு சாண் விலகினாலும் அவர் அச்சு சாயும், ஏழில் நிற்க முடியாமல் இன்னொரு அடி வைப்பார். பார்ப்பவர்கள் அவரைத்தான் தடுமாறினார் என்பார்கள்.

இப்போது என் கருத்து. ஃபாலோ செய்யக் கற்காத எவரும் சால்சா சொல்லிக்கொடுக்கக் கூடாது. அழகாக ஆடலாம், பெங்களூர் விழாக்களில் மேடை ஏறலாம், ரீல்ஸ் போடலாம். மைக் பிடிக்கக் கூடாது. ஐந்தில் இழுக்கப்படுவது எப்படி இருக்கும், கட்டைவிரல் அழுத்தும்போது மணிக்கட்டில் எங்கே வலிக்கும் என்பதெல்லாம் தன் உடம்பில் பட்டால்தான் தெரியும். படாதவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்கும்: அவங்களுக்கு வரல.

“அதே தம்பியிடம் ஆறு மாதமாகக் கற்கும் பெண்கள் நன்றாகத்தானே ஆடுகிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்த வகுப்பில் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார்கள். “அடுத்து கிராஸ் பாடி!”, “ரைட் டர்ன்!” அங்கே பழகிய பெண் கையில் வரும் செய்தியைக் கேட்டு நகர்வதில்லை, காதில் விழும் பெயரைக் கேட்டு நகர்கிறார். லீட் தாமதமாக இழுத்தாலும் இழுக்காமலே இருந்தாலும் ஐந்தில் சரியாகப் போய்விடுவார். லீட்டுக்குத் தன் லீட் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வளரும். மாதக்கணக்கில் வளரும். புதிதாக வந்த பெண்ணுக்கு எந்தப் பெயரும் தெரியாது. கை என்ன சொன்னதோ அதை மட்டும் செய்தார். கை எதுவும் சொல்லவில்லை, அவரும் நின்றார். அந்த அரங்கில் அன்றைக்கு உண்மையாக ஃபாலோ செய்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் நாளைக்கே உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். பெயர் சொல்லாதீர்கள். எட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். லீட் செய்பவர்களிடம் தனியாகப் போய், வழக்கமான வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பாதிப் பெண்கள் பழைய வரிசையிலேயே போனால், அந்த வகுப்பில் லீட் என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஃபாலோ செய்பவர்களும் தப்பு செய்வார்கள்தானே என்பதும் சரிதான். முன்கூட்டியே ஊகித்துச் சுற்றுவார்கள். எடையைக் குதிகாலில் போட்டுப் பின்னால் சாய்வார்கள். முழங்கையைத் தொளதொளவென்று விட்டுவிடுவார்கள், செய்தி தோளுக்குப் போகாமல் முழங்கையிலேயே செத்துப்போகும். இதையெல்லாம் திருத்த வேண்டும். ஆனால் முதல் நாள், முதல் பதினைந்து நிமிடத்தில், ஒருவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தியா திருத்துவது? பேசிக் ஸ்டெப்பே கால்களில் பதியாதவருக்குக் கிராஸ் பாடி கொடுத்ததே ஆசிரியரின் தவறு.

ஆடத் தெரிந்தவரெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியும் என்ற எண்ணம் இந்தக் கலையின் வரலாற்றுக்கே ஒத்துவராது. நியூயார்க்கில் ஆன் டூ பாணியை (இரண்டாவது எண்ணில் திசை மாறும் சால்சாவை) எண்ணிக்கையோடு பரப்பிய எட்டி டோரஸ், லத்தீன் இசைக்கலைஞர் டீட்டோ புவென்டேயின் இசைக்குழுவோடு மேடையில் ஆடியவர். ஆட்டத்தைத் தெருவிலும் கிளப்பிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்தவர். அவரை உட்கார்ந்து எண்ணச் சொன்னவர் ஜூன் லபெர்டா என்ற பால்ரூம் ஆசிரியை. எந்தக் கால் எந்த எண்ணில் விழுகிறது என்று வாயால் சொல்லத் தெரிந்த பிறகுதான் அந்த ஆட்டம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஒன்றாக ஆனது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே அதற்கு இன்னொருவரிடம் போய் உட்கார்ந்தார்.

அர்ஜென்டினாவில் டாங்கோ கற்ற பழைய தலைமுறை ஆண்கள், ஆண்களுக்குள்ளேயே பயிற்சி செய்தார்கள். புதிதாக வந்த பையன் முதலில் ஃபாலோதான் செய்ய வேண்டும். மூத்தவர்கள் அவனை நடத்திக்கொண்டு போவார்கள். லீட் அதற்கப்புறம்தான். “அது டாங்கோ, இது சால்சா” என்று வருவீர்கள். ஆட்டம் வேறாக இருக்கலாம். இழுத்தால் வலிக்கும் மணிக்கட்டு ஒன்றுதான்.

இன்னொரு விஷயம், இதை நம் ஊரில்தான் சொல்ல முடியும். “ரிதம் இல்ல” என்று சொல்லிவிட்டீர்களே, சென்னையில் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக யாரையும் பார்த்துச் சொல்லாதீர்கள். அவர் சின்ன வயதில் பாட்டு வகுப்புக்கோ பரதத்துக்கோ போயிருக்கலாம், ஆதி தாளம் போடத் தெரிந்திருக்கலாம். “தக திமி தக ஜுனு” சொல்லச் சொல்லுங்கள். த, க, தி மூன்றிலும் கால், ‘மி’யில் நிறுத்தம். மறுபடியும் த, க, ஜு மூன்றிலும் கால், ‘னு’வில் நிறுத்தம். ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு வந்துவிட்டது. ஆங்கில எண்ணில் அரைமணி நேரம் தடுமாறியவர்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வதை எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

அதற்குப் பிறகு பாட்டில் ஒன்று எங்கே என்று காட்ட வேண்டும். காங்கா மேளத்தில் நான்கிலும் எட்டிலும் ‘தும்தும்’ என்று இரட்டையாகத் திறந்த அடி விழும். அது முடிந்தவுடன் வருவது ஒன்று அல்லது ஐந்து. கௌபெல் என்ற உலோக மணி வந்துவிட்டால் இன்னும் சுலபம், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் கனமாக ஒலிக்கும். கிளாவே, அதாவது பாட்டு முழுக்க அடித்தளமாக ஓடும் ஐந்து அடித் தாளக்கட்டு, கேட்கத் தெரிந்தால் நல்லது. மூன்று-இரண்டு கிளாவே என்றால் ஒன்று, இரண்டரை, நான்கு, பிறகு ஆறு, ஏழு. எடுப்பு தள்ளி வரும் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இரண்டரை ஒன்றும் அந்நியமாக இருக்காது. போன சனிக்கிழமை போட்ட பாட்டு நிமிடத்துக்கு 200 அடிக்குக் குறையாது. முதல் நாள் வந்தவருக்கு 150, 160 போதும்.

“உங்களுக்குப் பொறாமை.” இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேரின் முதல் பேசிக் ஸ்டெப் எந்த அறையில், எந்தத் தரையில் விழுந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அது வலிக்கிறது, மறைக்கவில்லை. அந்தத் தம்பி நிறைய மாணவர்களைச் சேர்க்கட்டும். ஓ.எம்.ஆரில் வேலை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு உடம்பை ஆட்டிப் பார்க்க வரும் கூட்டம் இந்த நகரத்தில் எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அப்படி வருகிறவர் எத்தனை தயக்கத்தைத் தாண்டி வருகிறார் என்று யோசியுங்கள். வீட்டில் என்ன சொல்வது, தெரியாத ஆணின் கையைப் பிடிப்பதா, உடம்பு பருமனாக இருக்கிறதே, வயதாகிவிட்டதே. எல்லாவற்றையும் தாண்டி வாசல்வரை வந்தவரைப் பத்து நொடியில் திருப்பி அனுப்பிவிட்டோம். அவர் இனி எந்த வகுப்புக்கும் போக மாட்டார். அவருடைய தோழிகளும் வர மாட்டார்கள். அப்புறம் ‘சோஷியலில் பெண்கள் குறைவு’ என்று நாமே புலம்புவோம்.

“இலவச வகுப்புதானே.” இலவசம் என்றால் அவமானப்படுத்தலாமா?

“ஆண்கள் ஃபாலோ செய்யக் கூச்சப்படுவார்கள்.” முதல் இரண்டு பாட்டுக்குக் கூச்சப்படுவார்கள். மூன்றாவது பாட்டில் “டேய், கையை விடுடா, வலிக்குது” என்று அவர்களே கத்துவார்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

டிப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே இரவில் இரண்டாவது பாட்டில் அதுவும் நடந்தது. முன்பின் ஆடிப் பழகாத ஒருவரைச் சோஷியலில் பின்னால் சாய்க்காதீர்கள். லீட்டின் முழங்கால்கள் மடங்கி, கால்கள் அகலமாக, எடை அவர் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். சாய்பவரும் தன் ஒரு காலில் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் இடுப்புக்கு மேலே முதுகில் அடிபடும். அவர் ரப்பர் அடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தால் பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முழங்கால் மாட்டும். அதற்காக யாரோ தரையில் டால்கம் பவுடர் போட்டிருந்தார்கள். டைல்ஸ் தரையில் பவுடர் போட்டால் தோல் அடி ஷூ போட்டவர்கள் சறுக்கி விழுவார்கள். சூயிட் (சொரசொரப்பான மென்தோல்) அடியுள்ள ஷூ வாங்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வைத்துக்கொள்வதுதான் வழி. புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் வேலை, அதற்கு மைக்கூட வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு: உங்கள் மேல் கோபம்தான், வெறுப்பு இல்லை. வலது பக்கம் நல்ல ஸ்பின் இருக்கிறது, பாட்டு சட்டென்று நிற்கும் பிரேக்கைக் கேட்கும் காது இருக்கிறது. ஆறு மாதம் ஃபாலோ கற்றுக்கொள்ளுங்கள். என்னிடம் வேண்டாம், யாரிடமாவது. அதுவரை புதியவர்கள் வகுப்பை நடத்தாதீர்கள்.

வருகிற செவ்வாயிலிருந்து எங்கள் வகுப்பில் முதல் இருபது நிமிடம் லீட் செய்பவர்கள் எல்லோரும் ஃபாலோ. வேறு வகுப்பில் படிப்பவர்களும் வரலாம், காசு வேண்டாம். இரண்டு கைகளும் திறந்த பிடி, பேசிக்கும் ரைட் டர்னும் மட்டும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாறும். யாரும் பெயர் சொல்லிக் கத்த மாட்டோம். வேர்க்கும், இரண்டு டீ ஷர்ட்டும் ஒரு துண்டும் கொண்டு வாருங்கள்.

அந்தச் சகோதரியை யாருக்காவது தெரியும் என்றால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான்கில் அவர் நின்றது சரி.