ஏடிஹெச்டி உள்ள ஊழியருக்கு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தா கடமை முடிஞ்சுதா?

ஐடி கம்பெனிகள்ல நியூரோடைவர்சிட்டி (மூளை வேலை செய்யுற விதம் ஆளுக்கு ஆள் மாறும்ங்கிற கருத்து) வாரம்னு போஸ்டர் ஒட்டி கேக் வெட்டிடுறாங்க. அடுத்த திங்கட்கிழமை அதே மேனேஜர் நடந்துக்கிட்டே வாயால வேலையைச் சொல்லிட்டுப் போயிடுறார். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உள்ளவங்களுக்குப் பாதிப் பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

இதுல அறிவுக்கோ அக்கறைக்கோ குறைச்சல் கிடையாது. கேட்டதை மனசுல நிறுத்தி வைக்கிறது, நேரம் ஓடுறதை உணர்றது, ஒரு வேலையில கை வைக்கிறது, இங்கெல்லாம்தான் இடறும். அதனால ஆளைத் திருத்துறதை விட்டுட்டு வேலை கொடுக்குற விதத்தை மாத்துங்கன்னுதான் சொல்வேன்.

"ரிப்போர்ட்டை வெள்ளிக்குள்ள முடிச்சிடுங்க"ன்னு சொன்னா, பலருக்கு வியாழன் ராத்திரி வரைக்கும் அந்த வெள்ளிக்கிழமை கண்ணுலயே படாது. அதையே இப்படி எழுதி அனுப்புங்க: "செவ்வாய் 3 மணிக்கு முதல் 2 பக்கம், அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை. புதன் 11 மணிக்கு டேபிள். வியாழன் மதியம் முழு டிராஃப்ட். போன மாச ரிப்போர்ட்டை மாடலா வச்சுக்குங்க." எழுத ரெண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

இதையும் கெடுக்க வழி இருக்கு. செவ்வாய்க்கிழமை வந்த ரெண்டு பக்கத்துல கமா, ஸ்பெல்லிங்னு சிவப்பா கோடு போட்டுத் தள்ளினா, அடுத்த தடவை அரைகுறையா எதுவும் வராது. எல்லாம் சரியாகட்டும்னு கையிலயே வச்சிருப்பாங்க, கடைசியில லேட்டாகும். அன்னிக்குப் போற திசை சரியான்னு மட்டும் பாருங்க, 10 நிமிஷம் போதும். நடுவுல "என்னாச்சு?"ன்னு மெசேஜ் தட்டாதீங்க. கலைஞ்ச கவனம் திரும்பி வர ரொம்ப நேரம் பிடிக்கும்.

ஹெட்ஃபோன் கதையும் இதேதான். காதை மூடிக்கச் சொல்லிட்டு, டீம்ஸ்ல 5 நிமிஷத்துல பதில் வரலைன்னா முறைச்சா என்ன பிரயோஜனம்? 10 முதல் 12 வரை சாட் மூடியிருக்கும், அவசரம்னா போன் பண்ணுங்கன்னு மொத்த டீமுக்கும் விதியா வச்சிடுங்க. ஒருத்தர் மட்டும் தனியா தெரிய மாட்டார். தனி ரூம் கொடுக்குறதுக்கு முன்னாடியும் கேட்டுக்குங்க. பக்கத்துல ஒருத்தர் வேலை பார்த்துட்டு இருந்தாதான் சிலருக்குக் கை ஓடும்.

மாத்திரை விஷயம் பல ஹெச்ஆருக்குத் தெரியுறதே இல்லை. ஏடிஹெச்டிக்குக் கொடுக்குற மெத்தில்ஃபெனிடேட் நம்ம நாட்டுல ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. சீட்டு ரெண்டு பிரதியில வேணும், ஒண்ணைக் கடைக்காரர் எடுத்து வச்சுக்கணும். எல்லாக் கடையிலயும் கிடைக்காது. டாக்டர், மருந்துக்கடைன்னு அலையுற அரைநாளுக்கு முகம் சுளிக்காதீங்க. குறுகிய நேர மாத்திரையோட வேகம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். சிக்கலான டிசைன் ரிவ்யூவை சாயங்கால கிளையன்ட் காலுக்கு அப்புறம் வைக்கிறதுக்கு முன்னாடி, எந்த நேரம் தோதுன்னு அவர்கிட்டயே கேளுங்க.

"சர்டிபிகேட் கொண்டு வாங்க, பார்க்கலாம்"னு சொல்ற ஹெச்ஆர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 21 வகைப் பட்டியல்ல ஏடிஹெச்டிங்கிற பேரே இல்லை. எந்தச் சர்டிபிகேட்டைக் கேக்குறீங்க? மேல சொன்னதுல டீம் லீட் நினைச்சா இன்னிக்கே செய்ய முடியாதது ஒண்ணுமில்லை. அந்த ஊழியர் நம்பிச் சொன்னதை மட்டும் மெயில்ல நாலு பேரை சிசி போட்டு அனுப்பிடாதீங்க.