என் அப்பா குரலுக்கு உங்க கடை ரசீது எதுக்கு?

புத்தகம் படிக்கிற கருவி, ஈ-ரீடர் ஒண்ணு வாங்கினேன். பெட்டி மேலேயே கம்பெனிக்காரன் போட்டிருந்தான், ஆடியோபுக் (குரல்ல வாசிச்ச புத்தகம்) கேட்கலாம்னு. யாரோட ஆடியோபுக்னு போடலை. நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது.

குன்னூர்ல ஆடிக் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியும். ஒரு மரம் கம்பி மேல விழுந்தா ரெண்டு நாளைக்குக் கரண்ட் கிடையாது. போன்ல மிச்சமிருக்கிற சார்ஜை அவசரத்துக்கு வெச்சுக்கணும். ஈ-ரீடர் திரைக்குப் பக்கம் திருப்பும்போதுதான் சார்ஜே வேணும், வாரக்கணக்குல நிக்கும்னுதான் வாங்கினேன். அம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் படிக்க முடியலை.

அப்பா போய் நாலு வருஷம். தேயிலை ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் இல்லாத ராத்திரியெல்லாம், பைண்டு பண்ணி வெச்ச தொடர்கதைகளை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவார். அதுல ஆறு கேசட் மிஞ்சியிருக்கு, ஒவ்வொண்ணும் 90 நிமிஷம். நடுவுல இருமிட்டு, “எங்க விட்டேன்?”னு கேட்பார். அம்மா சின்ன வயசுக் குரல்ல எடுத்துக் கொடுப்பாங்க. ஒன்பது மணி நேரத்தையும் எம்பி3 ஆக்கினேன். மொத்தமே 260 எம்பி. இந்தக் கருவியில எட்டு ஜிபி இடம் சும்மா கிடக்கு.

கேபிள் போட்டேன். ஆறு ஃபைலும் ஏறிச்சு. கேபிளை உருவினேன். திரை ஒரு தடவை கறுத்து வெளுத்துச்சு. லைப்ரரியில ஒண்ணுமே இல்லை.

“வந்திருச்சா கண்ணு?” சால்வைக்குள்ள இருந்து அம்மா.

இரும்மா. ஃபோல்டரை மாத்தினேன். இல்லை. பேரை இங்கிலீஷ்ல மாத்தினேன். இல்லை. ஆறையும் ஆடியோபுக்குக்குன்னே இருக்கிற எம்4பி வடிவத்துல ஒரே ஃபைலாக்கினேன், அதுக்கே முக்கால் மணி நேரம். இல்லை.

“வந்திருச்சா?”

ஸ்பீக்கர்தான் கோளாறோன்னு, காசு கொடுத்து அந்தக் கம்பெனியோட கடையிலேயே ஒரு ஆடியோபுக் வாங்கிப் போட்டேன். அதே புளூடூத் ஸ்பீக்கர்ல யாரோ ஒருத்தர் கணீர்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுட்டு, “அப்பா மாதிரி இல்லையே”ன்னாங்க.

வயிறு எரியுது எனக்கு. பாடத் தெரியாத கருவின்னா விட்டுடலாம். நல்லாப் பாடுது! எம்பி3-க்கு உரிமக் கட்டணம் வாங்கினதைக்கூட 2017-லயே நிறுத்திட்டாங்க, அந்தச் சாக்கும் கிடையாது. வேணும்னேதான் வாயைக் கட்டி வெச்சிருக்காங்க. கஸ்டமர் கேர்ல 40 நிமிஷம் காத்திருந்ததுக்குக் கிடைச்ச பதில்: “மேடம், எங்க ஸ்டோர்ல வாங்கினது மட்டும்தான் சப்போர்ட் ஆகும்.” எங்கப்பா இருமலை எந்த ஸ்டோர்லங்க விக்கிறீங்க? சொல்லுங்க, வாங்கிக்கிறேன். கருவிக்கு முழுக் காசு நான் கொடுத்தேன். அதுக்குள்ள என்ன கேட்கணும்னு நீங்க யாரு சொல்ல?

இதோ, எழுதிட்டிருக்கும்போதே கரண்ட் போயிடுச்சு. எதிர் மேட்டுல கம்பி மேல சாஞ்சு நிக்கிற கற்பூர மரத்தை வெட்டச் சொல்லி மே மாசத்துல இருந்து மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு. ஒருத்தர் வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போனார், அவ்வளவுதான். மழைக்கு முன்னாடி வெட்டாம எப்பங்க வெட்டுவீங்க, வீட்டு மேல விழுந்த பிறகா?

போன்ல 14 சதவீதம் இருக்கு. அம்மா இன்னும் தூங்கலை.