மிக் குட்ரிக்கை 'வெறும் வாத்தியார்' என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓர் உரையாடலைக் கேட்டேன். ஜாஸ் கிட்டார்காரர் மிக் குட்ரிக் பெயரை எடுத்ததுமே, "அவர் வெறும் வாத்தியார்தானே" என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

வாசிக்க வராதவர்தான் சொல்லிக்கொடுக்க வருவார் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? குட்ரிக் எழுபதுகளில் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டனின் குழுவில் வாசித்தவர். அந்தக் குழுவின் 1974 ஆல்பமான 'ரிங்'கில், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கிட்டார்காரர் பாட் மெத்தனிக்கு இருபது வயதுகூட நிரம்பாதபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் குட்ரிக்தான். 1979-இல் ஈசிஎம் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அவருடைய ஆல்பத்தில் ஜாக் டிஜானெட் டிரம்ஸ், எடி கோமஸ் பேஸ், ஜான் சர்மன் சாக்ஸபோன். வாசிக்க வராதவரோடு இவர்களெல்லாம் ஏன் வாசிக்கப் போகிறார்கள்?

"சொந்த ஆல்பம் குறைவுதானே?" குறைவுதான். அதனால் என்ன?

"அவரிடம் படித்த ஜான் ஸ்கோஃபீல்டும் மைக் ஸ்டெர்னும் அவர் இல்லாவிட்டாலும் பெரிய கிட்டார்காரர்களாக வந்திருப்பார்கள்" என்று அடுத்த வாதம். வந்திருக்கலாம். ஆனால் அவர்களையும் இன்னொரு கிட்டார்காரரான பில் ஃப்ரிஸெலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூவரும் அவரிடம் படித்தவர்கள். ஒருவர் வாசிப்பு இன்னொருவர் மாதிரி இருக்காது, குட்ரிக் மாதிரியும் இருக்காது. தன்னைப் போலவே பத்துப் பேரை உருவாக்கும் வாத்தியார்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவர் அப்படி இல்லை.

1987-இல் வந்த அவருடைய 'தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்' புத்தகம், ஒரே ஒரு கம்பியில் வாசிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. முதல் கம்பியில் சி மேஜர் ஸ்கேல் என்றால் விரல் வைக்காத திறந்த கம்பி, அப்புறம் 1, 3, 5, 7, 8, 10, 12-ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள கட்டு). அவ்வளவுதான். கையை ஓரிடத்தில் வைத்துப் பல கம்பிகளில் வாசிக்க, வருஷக்கணக்காக விரலில் ஊறிய பொசிஷன் எதுவும் அங்கே கைகொடுக்காது. அடுத்த சுரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். நான் மாதக்கணக்கில் அதையே வாசித்தேன். வீட்டில் திட்டினார்கள். இன்றைக்கு என் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

ஆமாம், நானும் வாத்தியார்தான். அதனால்தான் எனக்குக் கோபம் என்பீர்கள். இருக்கட்டுமே! போன மாதம் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் கேட்டார்: "இன்னும் டியூஷன்தானா? மேடையெல்லாம் ஏறலையா தம்பி?" பக்கத்தில் என் மாணவனின் அப்பா இருந்தார். அவர் முன்னால் நான் என்ன சொல்ல? அவர் பையனுக்கு இப்போதுதான் ஷெல் வாய்சிங், அதாவது கார்டின் முக்கியமான சுரங்களை மட்டும் பிடிப்பது, கையில் நிற்க ஆரம்பித்திருக்கிறது. அதற்காக நான் உட்கார்ந்த சாயங்காலங்களை எந்த மேடைக் கணக்கில் சேர்ப்பது?

பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்த குட்ரிக், அங்கேயே பல வருஷம் சொல்லிக்கொடுத்தார். 2022 நவம்பரில் இறந்தார். அன்று உலகம் முழுக்க அவருக்காக எழுதிய கிட்டார்காரர்களில் பலர் "என் ஆசிரியர்" என்றுதான் எழுதினார்கள். அவர்களுக்கு அது குறைவாகப் படவில்லை.

ஞாயிறு பேசியவர் 'ரிங்'கை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு வரட்டும். அதற்குப் பிறகும் "வெறும்" என்பாரானால், அவரோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.