கிடைக்குள் பதினோரு நாட்கள்

சென்ற பங்குனியில், ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து செம்மறி ஓட்டிவந்த, கீதாரி எனப்படும் மேய்ப்பர் குடும்பம் ஒன்றோடு மன்னார்குடிப் பக்கம் பதினோரு நாட்கள் தங்கியிருந்தேன். சாப்பாட்டுக்குப் பணம் நீட்டியபோது வாங்க மறுத்த கீதாரி அண்ணன், "காசு வேணாம் தம்பி, கூட நின்னு வேலை பாருங்க" என்றார். அப்படி வேலை பார்த்த பிறகுதான், இவர்களை நாடோடிகள் என்று நாம் எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கு விளங்கியது.

எந்த ஊரில், யார் வயலில், எத்தனை இரவு கிடை போடுவது (வயலில் வலை நட்டு அதற்குள் ஆடுகளை அடைத்துவைப்பது) என்பதையெல்லாம் அவர்கள் முன்னதாகவே பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பகலில் அறுத்த தாளை மேயும் ஆடுகள் இரவில் இடும் புழுக்கையும் மூத்திரமும்தான் வயலுக்கு உரம். 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்று நம் உழவர்கள் சொல்லிவைத்ததே இந்த வேலையின் மதிப்புக்குச் சாட்சி. விடிவதற்கு முன் ஆடுகளைக் கிளப்பி, வலைக்குள்ளேயே சற்று நேரம் நிற்க வைப்பார்கள்; எழுந்தவுடன் விழும் எரு வழியில் வீணாகாமல் அந்த வயலுக்கே சேர வேண்டும் என்ற நேர்மை அது.

எனக்குக் கிடைத்த வேலைகள் இரண்டு. ஒன்று, கூட்டில் அடைத்த குட்டிகளைக் காலையில் திறந்துவிடுவது. அத்தனை கத்தலுக்கு நடுவிலும் ஒவ்வொரு தாயும் தன் குட்டியை முகர்ந்து கண்டுகொள்ளும். ஒரு தாய் மட்டும் தன் குட்டியை ஒதுக்கியது. கீதாரியின் மனைவி அதன் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு, குட்டியின் வாயை மடியில் வைக்கச் சொன்னார். நான்காம் நாள் பிடிக்காமலேயே அது பால் கொடுத்தது.

மற்றொன்று, உளுந்து வயலோரம் காவல் நிற்பது. சம்பா அறுப்புக்கு முன்பே தாளுக்குள் விதைத்த உளுந்தும் பயறும் காய் பிடித்து நிற்கும் நேரம் அது. வரப்பில் போகும் மந்தையிலிருந்து ஓர் ஆடு வழுவினாலும் சண்டை வந்துவிடும். இரண்டு முறை வந்தது. ஒரு தடவை அண்ணன், தன்னைவிட மிகவும் இளையவரிடம் கைகூப்பி நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நம் ஊரில் அதற்கு நாம் செய்யக்கூடியது, மந்தை நிற்கும் ஊரிலேயே தடுப்பூசி கிடைக்கச் செய்வதும், குளத்தங்கரையில் தண்ணீர் காட்ட அனுமதிப்பதும்தான் என்று நினைக்கிறேன். படம் எடுக்க மட்டும் அங்கே போக நினைப்பவர்கள் தயவுசெய்து போகாதீர்கள்; ஒரு வாரமாவது வலை பிடுங்கி நட முடியும் என்றால் போங்கள்.

டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் என் உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிடைக் கூலியை 'அடுத்த வாரம் வாங்கிக்கோ' என்று சொல்லாமல், கிடை கிளம்பும் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். ஆடுகளை விட்டுவிட்டுக் கூலி கேட்டு நடந்துவர அந்தக் குடும்பத்தில் ஓர் ஆளும் மிச்சமில்லை.